வால்வு மாற்றிய அக்காவுக்குப் பல்லுப் பிடுங்கிய கதை

அக்காவுக்கு இதயத்திலுள்ள மைட்ரல் வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அரச ஆஸ்பத்திரியில் காசு செலவில்லாமல் நல்லபடியாக முடிந்தது. எங்களை அலைக்கழித்தது பிறகு வந்த கடைவாய்ப் பல்லு நோ.

கன்னம் வீங்கி நித்திரையும் இல்லை. விசுவமடுவிலிருந்து பஸ் ஏறிப் போய், பல்லுக் கிளினிக்கில் காலையிலிருந்து வரிசையில் நின்று உள்ளே போனால், "வார்ஃபரின் போடுறனீங்களோ? அப்ப ஒரு கிழமை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ" என்றார் துண்டு எழுதியவர். எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. உலோக வால்வில் இரத்தம் உறையாமல் வைத்திருப்பதே அந்தக் குளிசைதான். உறைந்தால் வால்வு திறந்து மூடாமல் இறுகலாம், கட்டி மூளைக்குப் போனால் பாரிசவாதம். இதய கிளினிக்கில் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று தாதி மிஸ்ஸி வார்ஃபரின் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதித் தந்திருந்தார். அதை விரித்துக் காட்டினேன். "அப்ப கடிதம் கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாள் வீண்.

திரும்பும் வழியில் மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக்கை நீட்டினார்கள். வாங்கவில்லை. வார்ஃபரினோடு சேர்ந்தால் வயிற்றுக்குள் இரத்தம் கசியலாம். நோவுக்குப் பரசிற்றமோல்தான். பல்லு வீக்கத்துக்கு எழுதும் மெட்ரோனிடசோலும் ஐ.என்.ஆரை, அதாவது இரத்தம் உறைய எவ்வளவு பிந்துகிறது என்று காட்டும் அளவை, சட்டென்று ஏற்றிவிடும். யார் எதை எழுதினாலும் முதலில் வார்ஃபரின் கொப்பியைக் காட்டுங்கள்.

பிறகு அந்தக் கடிதத்துக்காகப் பரந்தனில் பஸ் மாறி யாழ்ப்பாணம் இதய கிளினிக்குக்குப் போனோம். அங்கே டயக்னோசிஸ் காட், அதாவது ஆஸ்பத்திரியில் நோய் விபரம் எழுதித் தரும் அட்டை, கேட்டார்கள். அதைப் போட்டோக்கொப்பி எடுத்து, போனிலும் படமாக வைத்திருந்ததால் தப்பினோம். இந்த விஷயத்தில் நாங்கள் ஏற்கெனவே பட்டவர்கள். சின்ன வயதில் தொண்டை நோவுக்குப் பின்னால் வந்த வாதக் காய்ச்சல்தான் அக்காவின் வால்வைப் பழுதாக்கியது. அது திரும்ப வராமல் இருக்கப் போட்ட பெனிசிலின் ஊசி இடப்பெயர்வோடு நின்றது. 2009இல் ஊசிக் கொப்பியும் தொலைந்தது. எத்தனை ஊசி போட்டது, எப்போது நின்றது என்று பிறகு யாருக்கும் காட்ட எங்களிடம் ஒரு துண்டும் இல்லை.

டொக்டர் இரத்தம் பார்த்தார். ஐ.என்.ஆர் 2.9. மைட்ரல் உலோக வால்வுக்கு 2.5இலிருந்து 3.5க்குள் இருக்க வேண்டும், ஆகவே சரி. வார்ஃபரினை நிறுத்த வேண்டாம், பிடுங்குவதற்கு ஒரு மணித்தியாலம் முன் அமொக்ஸிசிலின் 2 கிராம், பெனிசிலின் ஒவ்வாமை இல்லை என்று கடிதத்தில் தெளிவாக எழுதினார். பல்லிலிருக்கும் கிருமி இரத்தத்தில் இறங்கிச் செயற்கை வால்வில் குடியேறினால் உயிருக்கே ஆபத்தாம். அதற்குத்தான் அந்த மருந்து. கடிதம் கையில் இருந்தாலும் ஐ.என்.ஆர் பழையதென்றால் பிடுங்க மாட்டார்கள். இரத்தம் பார்த்து மூன்று நாளுக்குள் பல்லுக்குத் தவணை எடுங்கள்.

அடுத்த முறை பல்லுக் கிளினிக்கில் வேறு டொக்டர். கடிதத்தை முழுதாக வாசித்தார், பிடுங்கித் தையல் போட்டார், பஞ்சைக் கடிக்கச் சொல்லி, இரத்தம் நின்ற பிறகுதான் வீட்டுக்கு விட்டார். அவருக்குக் கோடி புண்ணியம்.

வெளியே வரும்போது முதல்நாள் துண்டு எழுதியவரிடம் கடிதத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்தேன். வால்வு வைத்த வேறு யாரும் வந்தால் நிப்பாட்டச் சொல்லாதேயுங்கோ, முதலில் இதய கிளினிக்கில் கேளுங்கோ என்றேன். வாங்கி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்தார்.