ஐயா என்னைச் சேர்த்துக்கொண்ட வகுப்பு

நம் விடுதிப் பள்ளியின் தமிழ் ஐயா போய்விட்டார். அவருடைய குடையைப் பற்றியும், சந்திப் பிழைக்கு அவர் கொடுத்த குட்டுகளைப் பற்றியும் பழைய மாணவர் குழுவில் எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நினைவு மலருக்காக நான் எழுத விரும்புவது வேறொன்று. அன்று இரவுப் படிப்புக் கூடத்தில் உங்களில் பலர் இருந்தீர்கள். உங்களுக்கு அது மறந்தே போயிருக்கும்.

என் அம்மா சேலம் ஜங்ஷன் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த ஆங்கிலோ-இந்தியப் பெண். தாத்தா மெயில் டிரைவர். அப்பா சேலம் குகைப் பகுதியில் நெசவுக் குடும்பம். படித்து, பார்சல் ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்தவர். இரண்டு வீட்டிலும் கல்யாணத்துக்கு யாரும் வரவில்லை. நான் பிறந்த பிறகுதான் அப்பாயி ஜங்ஷன் இருக்கும் சூரமங்கலம் பக்கம் எட்டிப் பார்த்தார். அம்மாவின் அம்மா, எங்கள் நானா, அதற்கு முன்பே மனம் மாறி, ஒரு கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரப் பொட்டலத்தோடு வந்து நின்றாராம். முள்கரண்டியின் முதுகில் மாவை அழுத்தி உருட்ட நானாவிடம் கற்றேன். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டு உட்கார அப்பாயியிடம் கற்றேன். வீட்டுக்குள் இருந்தவரை எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

மாமா மகனும் நானும் ஒரே ஆண்டு ஏற்காட்டுப் பள்ளி விடுதிக்கு மலையேறினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அவன் வாந்தி எடுத்தே கடந்தான். அவன் என்னைவிட நல்ல கருப்பு. எனக்கு நானாவின் சாம்பல் நிறக் கண்கள். டிரங்க் பெட்டியில் அவன் பெயருக்குப் பின்னால் ஆங்கிலேயக் குடும்பப் பெயர் இருந்தது, எனக்கு அப்பாவின் முதலெழுத்து.

ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளுக்கு விடுதிக் கட்டணத்தில் சலுகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். அன்று இரவு ஜெபம் முடிந்ததும் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, சலுகைக்கு உரியவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். மாமா மகன் எழுந்தான். நானும் எழுந்தேன். அவர் வரிசையாக வந்து என்னிடம் நின்று, "உன் அப்பா பேரு என்ன?" என்று கேட்டார். சொன்னேன். "அம்மாதானே? அம்மா கணக்குல வராது. உட்காரு" என்றார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் கூடமே சிரித்தது. ஒரே பாட்டியின் இரண்டு பேரன்களில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான், ஒருவன் உட்கார்ந்தான். மாமா மகன் என்னைப் பார்க்கவே இல்லை.

அவர் சொன்னது சட்டப்படி சரிதான் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அரசியலமைப்பின் 366(2)ஆம் பிரிவு தந்தையோ தந்தை வழி ஆண் முன்னோரில் ஒருவரோ ஐரோப்பிய வம்சத்தவராக இருந்தால்தான் ஒருவரை ஆங்கிலோ-இந்தியர் என்கிறது. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்திலிருந்து ஏறக்குறைய அப்படியே வந்த வரையறை அது. பெண் வழிக்கு அதில் இடமே இல்லை. என் அம்மா ஆங்கிலோ-இந்தியர். அவர் வயிற்றில் பிறந்த நான் இல்லை. குகைப் பக்கம் போனாலோ நான் "சட்டைக்காரி மகன்". சட்டம் சரியாக இருந்ததால் அந்தச் சிரிப்பு சரியாகிவிடுமா? இன்றைக்கும் எனக்கு அது அநியாயமாகத்தான் படுகிறது.

அன்று கூடத்தின் பின்பக்கம் மேற்பார்வைக்கு நின்றவர் தமிழ் ஐயா. அவர் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "தம்பி, நீ ஏன் லோயர் தமிழ்ல உட்கார்ந்திருக்கே?" என்றார். அது தமிழ் அதிகம் தெரியாத பிள்ளைகளுக்கான எளிய வகுப்பு. பெயர் பதியும்போதே என் கண்ணைப் பார்த்து யாரோ என்னை அங்கே எழுதிவிட்டிருந்தார்கள். அப்படியே சொன்னேன். "நாளைக்கு ஹயர் தமிழுக்கு வந்துடு. நான் பேசிக்கறேன்" என்றார்.

பிறகு கரும்பலகையில் 'சேலம்' என்று எழுதினார். ஓலையில் எழுதிய காலத்தில் செ, சே இரண்டுக்கும் ஒரே கொம்புதான் என்றார். குறிலுக்கு மேலே ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஓலை கிழிந்துவிடும் என்று பலர் வைப்பதில்லை. இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டும். இத்தாலியிலிருந்து வந்த பெஸ்கிதான், நம் வீரமாமுனிவர், நெடிலுக்குச் சுழித்த கொம்பைக் கொண்டுவந்தார். ஐயா அந்தக் கொம்பைச் சாக்பீஸால் அழுத்தி அழுத்தித் தடித்துக் காட்டினார். "தேம்பாவணி எழுதினவரைப் பார்த்து உங்க அப்பா யாருன்னு தமிழ் கேட்கலை. உன்னையும் கேட்காது. ஆனா ஒற்றுப் பிழை விட்டா நான் கேட்பேன்."

அவ்வளவுதான். தோளில் தட்டவில்லை, வேறு ஆறுதலும் சொல்லவில்லை. ஹயர் தமிழில் முதல் மூன்று மாதம் நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ஆனால் அந்த வகுப்பில் நான் யார் மகன் என்று யாரும் கேட்டதில்லை. அசையையும் சீரையும்தான் கேட்டார்கள்.

மாமா குடும்பம் 1975இல் பெர்த்துக்குப் போனது. ரயில்வே, சுங்கம், தபால் தந்தி வேலைகளில் எங்கள் ஆட்களுக்கு இருந்த இட ஒதுக்கீடு படிப்படியாகக் குறைந்து 1960இல் முடிந்திருந்தது. அதற்குப் பிறகு ஜங்ஷனில் மாதம் ஒரு வீடாவது பூட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியா முன்பெல்லாம் தோற்றத்தையும் வம்சத்தையும் பார்த்துத்தான் உள்ளே விட்டது. 1973இல் விட்லம் அரசு அதை ஒழித்ததால்தான் என் மாமாவைப் போன்ற நிறமுள்ளவர்கள் போக முடிந்தது. 1980களின் கடைசியில் அதே மாமா எனக்கும் ஸ்பான்சர் செய்தார். அம்மாவின் அண்ணன் என்ற உறவை அங்கே கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வம்சாவளிக்கு இரண்டு பதில் தரலாம். நான் இரண்டையும் எழுதுகிறேன். யாரும் உட்காரச் சொல்வதில்லை.

விடைபெற மலைக்குப் போனபோது ஐயா கேட்டது ஒன்றுதான். "அங்கே படிக்கத் தமிழ் கிடைக்குமா?" கிடைக்கும் என்றேன். கிடைக்கவும் செய்தது. நான் எழுதிய கடிதங்களை ஐயா சிவப்பு மையில் திருத்தி, தன் பதிலோடு வைத்துத் திருப்பி அனுப்புவார். நலம் விசாரித்த வரிக்குக் கீழேயே வல்லினம் மிகும் இடம் விளக்கியிருக்கும். அவற்றையெல்லாம் ஒரு பெட்டியில் வைத்திருக்கிறேன். தொலைபேசி மலிவானதும் கடிதம் நின்றது. பேச்சில் அவரால் எதையும் திருத்த முடியவில்லை. என் பிள்ளைகளுக்கு நானாவின் கல்கல் செய்யத் தெரியும், குகையில் எங்கள் வீடு இருந்த தெருவும் தெரியும். அந்தச் சிவப்பு மையைப் படிக்கத் தெரியாது. ஐயா என்னைச் சேர்த்துக்கொண்ட வகுப்பு என்னோடு முடிகிறதே என்று நினைக்கும்போது, போகாமல் இருந்திருக்கலாமோ என்று இப்போதெல்லாம் அடிக்கடி தோன்றுகிறது.

மக்களவையிலும் சட்டப்பேரவைகளிலும் எங்களுக்கிருந்த நியமன இடங்கள் 2020இல் முடிவுக்கு வந்தன. அந்த மசோதா விவாதத்தில், 2011 கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க 296 ஆங்கிலோ-இந்தியர்தான் இருப்பதாக அமைச்சர் சொன்னார். சமூக அமைப்புகள் அந்த எண்ணை ஏற்கவில்லை. நான் ஜங்ஷன் காலனியில் வளர்ந்தவன், என்னாலும் நம்ப முடியவில்லை. அந்த 296 சரியோ தவறோ, என் அம்மா அதில் வருவார், நான் வரமாட்டேன்.

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. ஐயா பெயரில் பள்ளியில் ஒரு பரிசு வைக்கப் போவதாகச் செயலாளர் எழுதியிருந்தார். மொத்தத் தொகையையும் நான் தருகிறேன். முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கு வேறு பரிசுகள் இருக்கின்றன; இது லோயர் தமிழிலிருந்து ஹயர் தமிழுக்கு மாறிப் படிக்கிற பிள்ளைக்குப் போகட்டும். விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் போதும். தந்தை பெயர் என்று ஒரு கட்டம் போட வேண்டாம்.