அல்ஜியர்ஸும் எங்கள் தெரு சொல்தா தாத்தாவும்

போன மாதம் 'தி பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' பார்த்தேன். 1966-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், இத்தாலிக்காரர் கில்லோ பொன்டெகொர்வோ எடுத்தது. அல்ஜீரியா பிரான்ஸ்காரன் கையில் இருந்தது, சண்டை போட்டு விடுதலை வாங்கியது, படம் பார்க்க உட்காரும்போது எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மூன்று பெண்கள் வெள்ளைக்காரிகள் மாதிரி உடுத்திக்கொண்டு, பையில் வெடிகுண்டோடு ராணுவச் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகிற காட்சிக்கு எந்த வரலாறும் தேவைப்படவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். குண்டு வைக்கப்போகிற காப்பிக் கடையில் ஐஸ்கிரீம் சாப்பிடுகிற குழந்தையின் முகத்தைக் காட்டுகிறார்கள் பாருங்கள், யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் மனசு அல்லாடுகிற அந்த ஒரு நிமிடத்துக்காகவே இந்தப் படத்தை எல்லோரும் பார்க்க வேண்டும்.

குழப்பம் கடைசியில் வந்தது. 1957-இல் விடுதலை இயக்கத் தலைவர்கள் எல்லாம் பிடிபட்டோ செத்தோ போகிறார்கள், கடைசி ஆள் ஒளிந்திருந்த வீட்டையே வெடிவைத்துத் தகர்க்கிறார்கள், இயக்கம் முடிந்தது. அடுத்த காட்சி 1960 டிசம்பர், தெருவெல்லாம் கொடியோடு ஜனவெள்ளம். இவர்கள் எங்கிருந்து வந்தார்கள்? நடுவில் மூன்று வருடம் என்ன நடந்தது? பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் படித்தேன்: 1958-இல் பிரான்சில் டி கோல் ஆட்சிக்கு வந்தது, 1960 டிசம்பரில் அவர் அல்ஜீரியாவுக்கே வந்திருந்தது, அதை ஒட்டித்தான் கூட்டம் தெருவில் இறங்கியது என்று. 1966-இல் அங்கே படம் பார்த்தவனுக்கு இதையெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை, ஆறு வருடம் முன்பு அவன் கண்முன் நடந்தது.

நம் ஊரிலும் இப்படித்தானே. கட்டபொம்மன் கதையில் எட்டப்பன் என்று ஒரு பெயர் காதில் விழுந்தாலே போதும், அவன் இன்னும் ஒரு தப்பும் செய்திருக்க மாட்டான், நமக்கு அதற்குள் பற்றிக்கொண்டு வரும். ஜப்பான்காரன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் அவனுக்கு அது இன்னொரு பாளையக்காரன், அவ்வளவுதான். அவர்கள் ஊர்ப் படம் 'ககெமுஷா'வைப் பார்த்தபோது நான் அந்த ஜப்பான்காரன் இடத்தில் இருந்தேன். 1575 நாகஷினோ போரில் தகேதா வம்சத்துக் குதிரைப்படை துப்பாக்கிகளுக்கு முன்னால் அழிந்தது அங்கே பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். நானோ கடைசி வரை அவர்கள் ஜெயிப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். குதிரைகள் சுடப்படுவதைக் காட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களின் முகத்தையே காட்டி, பிறகு விழுந்து கிடக்கும் குதிரைகளைக் காட்டினார்கள். தெரிந்தவனுக்கு அது காத்திருந்த துக்கம், எனக்கு இடி.

அதனால் முதல் தடவை ஒன்றும் படிக்காமல்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கதைக்குள் இருப்பவனுக்கும் முடிவு தெரியாது, அவனோடு சேர்ந்து தெரியாமல் இருப்பது ஒரு மரியாதை. ஆனால் அதோடு விட்டுவிட்டால் தப்பு. லார்பி பென் மிஹிதி என்ற தலைவர் சிறையில் தூக்குப் போட்டுக்கொண்டார் என்று படத்தில் ராணுவம் அறிவிக்கிறது, சரி என்று நானும் நகர்ந்துவிட்டேன். அவரைக் கொன்றது தானும் தன் ஆட்களும்தான் என்று ஒசாரெஸ் என்ற பிரெஞ்சு ஜெனரல் 2001-இல் ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரான்ஸ் அரசு அதை ஏற்றுக்கொள்ள 2024 நவம்பர் 1 வரை ஆனது. இரண்டாவது தடவை பார்த்தபோது அந்த இடத்தில் வயிறு கலங்கியது.

அது ஏன் நவம்பர் 1 என்று தேடினேன். 1954 நவம்பர் 1 அன்றுதான் அல்ஜீரியப் போர் தொடங்கியிருக்கிறது.

புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1954 அக்டோபர் 18 கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்து, பிரான்ஸ் நம் ஊரை ஒப்படைத்தது அதே நவம்பர் 1 அன்றுதான். வருடா வருடம் விடுதலை நாள் என்று லீவு விடுகிறார்கள், கடற்கரைச் சாலையில் கொடியேற்றுகிறார்கள். அங்கே முதல் குண்டு வெடித்த அன்று இங்கே கொடி இறங்கியிருக்கிறது! சட்டப்படி கைமாறியதோ 1962 ஆகஸ்ட் 16, அல்ஜீரியா விடுதலை பெற்ற அடுத்த மாதம். அல்ஜீரியா விவகாரம் முடிகிற வரைக்கும் பிரெஞ்சு நாடாளுமன்றம் நம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தராமலே வைத்திருந்தது. முப்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இரண்டு தேதியையும் சேர்த்து வைத்துப் பார்க்க ஒரு படம் வேண்டியிருந்தது.

அப்புறம்தான் எங்கள் தெரு சொல்தா தாத்தா ஞாபகம் வந்தது. சொல்தா என்றால் பிரெஞ்சில் சிப்பாய். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், கடைசி வரை பிரான்ஸ் பென்ஷன் வாங்கியவர், நவம்பர் 11 ஆனால் மெடல்களைக் குத்திக்கொண்டு கடற்கரையில் இருக்கும் போர் நினைவிடத்துக்குப் போவார். வியட்நாமில் இருக்கும் சைகோன் கதை நிறையச் சொல்லியிருக்கிறார். அல்ஜீரியாவுக்கும் போனாரா என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை, அவரும் இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி ஆயாவைப் பார்க்கப் போனேன். கேட்டேன்.

"போனாரே. ஓரான்னு ஒரு ஊரு. ரெண்டு வருஷம். அதப் பத்தி மட்டும் வாயே தொறக்க மாட்டாரு" என்றார். நான் படத்தைப் பற்றிச் சொல்லி, வேண்டுமானால் செல்போனில் போட்டுக் காட்டுகிறேன் ஆயா என்றேன்.

"அதுல ஓரான் வருதா?"

இல்லை ஆயா, இது அல்ஜியர்ஸ், வேறு ஊர் என்றேன்.

"அப்ப வேணாங் கண்ணு" என்றார். உள்ளே போய் எனக்குக் காப்பி போட்டார்.