கப்பல் தீ விசாரணையில சாட்சியா போறவங்களுக்கு, என் அனுபவம்

நான் கப்பல் ரிப்பேர் யார்டுல ஃபயர் சேஃப்டி பாக்குறவன். ரிப்பேருக்கு நின்ன ஒரு சரக்குக் கப்பல்ல தீ பிடிச்சுது, உயிருக்கு ஒண்ணும் ஆகல, ஆனா ரெண்டு ஹோல்டு (சரக்கு வைக்கிற அறை) மொத்தமா போச்சு. விசாரணைக் கமிட்டி என்னையும் சாட்சியா கூப்பிட்டாங்க.

உள்ள போனதும் எல்லா கேள்வியும் தீக்குக் காரணம்னு சஸ்பெண்ட் பண்ணியிருந்த வெல்டிங் ஹெல்பர் பையனைப் பத்திதான். எங்க நின்னான், சிகரெட் பிடிப்பானா, போன் பாத்துட்டு இருந்தானா... தண்ணி ஏன் வரலன்னு ஒருத்தர் கேக்கணுமே, ம்ஹூம். டெக்ல இருந்த ஹைட்ரன்ட் (தீயணைக்கத் தண்ணி எடுக்குற குழாய்) வால்வுல "மெயின்டனன்ஸ், திறக்காதே"ன்னு ஒரு சிவப்பு டேக் தொங்குச்சு, மழைல நனைஞ்சு தேதி பாதி அழிஞ்சு போய் கையெழுத்து மட்டும் தெளிவா தெரிஞ்சுது, அதை நான் தீக்கு முன்னாடியே போட்டோ எடுத்து ரிஜிஸ்டர்ல எழுதி மேலயும் அனுப்பியிருந்தேன்.

அந்த நேரம் எனக்கு தைரியம் குடுத்தது அமெரிக்க நேவியோட பான்ஹோம் ரிச்சர்ட் கேஸ்தான். 2020 ஜூலை 12, சான் டியேகோல ரிப்பேர்ல நின்ன போர்க்கப்பல், நாலு நாளுக்கு மேல எரிஞ்சு கடைசில ஸ்க்ராப்புக்குப் போச்சு. தீ வச்சதா ஒரு இளம் மாலுமி மேல கேஸ் போட்டாங்க, 2022ல கோர்ட் அவரை விடுதலை பண்ணிடுச்சு. ஆனா நேவியோட சொந்த ரிப்போர்ட் என்ன சொல்லுச்சு தெரியுமா? கப்பலுக்குள்ள இருந்த தீயணைப்பு ஸ்டேஷன்கள்ல 87 சதவீதம் வேலை செய்யற நிலைமைல இல்ல, நுரை அடிக்கிற பட்டனை யாருமே அமுக்கல, டிரில்ல நெருப்பு மேல நேரத்துக்குள்ள தண்ணியோ நுரையோ அடிக்க முடியாம தொடர்ந்து 14 தடவை கோட்டை விட்டிருக்காங்க. அட்மிரல்கள் உட்பட 36 பேரை அந்த ரிப்போர்ட் கைகாட்டுச்சு. யார் பத்த வச்சாங்கன்றதும் கப்பல் ஏன் மிஞ்சலன்றதும் வேற வேற கேள்வி, எங்க கமிட்டி முதல் கேள்வியோடயே நின்னுட்டாங்க.

முக்கியமான இடம் ஸ்டேட்மென்ட். நான் வாயால சொன்னதை டைப் பண்ணி கொண்டாந்தாங்க, படிச்சுப் பாத்தா டேக் விஷயமே அதுல இல்ல. "அது இதுக்கு சம்பந்தம் இல்லாத விஷயம், சைன் பண்ணுங்க சார்"னாங்க. சேத்தாதான் போடுவேன்னு உக்காந்துட்டேன், ரிஜிஸ்டர் பக்கத்தோட ஜெராக்ஸ், போட்டோ ரெண்டையும் இணைப்புன்னு குறிச்சு சேத்த பிறகுதான் போட்டேன், என் காப்பியும் கையோட வாங்கிட்டேன். ஒரு வரி விடாம படிங்க, அவசரப்படுத்தினா இன்னும் மெதுவா படிங்க.

பையனோட சஸ்பென்ஷனை ரத்து பண்ணிட்டாங்க. இப்ப ஃபயர் லைன்ல பிரஷர் எவ்வளவுன்னு எழுதாம ஹாட் ஒர்க் பெர்மிட் (வெல்டிங் மாதிரி தீப்பொறி வர்ற வேலைக்கான அனுமதி) குடுக்கக் கூடாதுன்னு ஆர்டரும் வந்துடுச்சு. ஆனா வால்வை மூடச் சொல்லி டேக்ல கையெழுத்து போட்டவரைப் பத்தி ஃபைனல் ரிப்போர்ட்ல ஒரு வரி கிடையாது. அதைக் கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன், இன்னும் பதில் வரல.