ஒரு ஃப்ளஷ்ஷுக்கு ஒரு குடம்

பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பதினான்கு பேர் சாப்பாடு. எல்லாரும் வடையை வாயில் வைத்த நேரம் பார்த்து, டாய்லெட்டிலிருந்து வெளியே வந்த நண்பரின் எட்டு வயது மகன் கூடத்தின் நடுவில் நின்று அறிவித்தான்: "அங்கிள், உங்க டாய்லெட் ஃப்ளஷ் ஆக மாட்டேங்குது. டேங்க்ல தண்ணியே இல்ல."

"வரும் கண்ணா, ஒரு பத்து நிமிஷம் ஆகும்" என்றேன். நான் சாதாரணமாகத்தான் சொன்னேன். கூடம் ஒரு நொடி அமைதியாகி, அப்புறம் குபீரென்று சிரித்தது. "பத்து நிமிஷமா? இங்கேயும் மெட்ரோ வாட்டர் கனெக்‌ஷன் வாங்கிட்டீங்களா?" என்று கேட்டவர் சென்னை அயனாவரத்துக்காரர். அவருக்குக் கேட்க உரிமை உண்டு. அதற்குள் டாய்லெட் வாசலில் மூன்று பேர் வரிசை. மனைவி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம். மாடியிலிருந்து பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்து கதவருகே வைத்தாள். கனடாக் குடியுரிமை வாங்கிய, மாதாமாதம் வீட்டுக் கடன் கட்டுகிற, பனிச்சக்கரம் மாற்றிய கார்களில் வந்திறங்கிய அத்தனை பேரும் ஒரு வார்த்தை கேட்காமல் பக்கெட்டைத் தூக்கி ஊற்றிவிட்டு வந்தார்கள். யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எல்லாரும் போன பிறகுதான் உறைத்தது. அந்த டேங்க் நான்கு மாதமாக அப்படித்தான் நிரம்புகிறது. அது ஒரு கோளாறு என்றே எனக்குத் தோன்றவில்லை. தண்ணீர் என்றால் மெதுவாகத்தான் வரும், காத்திருந்துதான் பிடிக்க வேண்டும், இதில் என்ன அதிசயம்?

நான் வில்லிவாக்கத்தில் வளர்ந்தவன். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலேறி வந்து இறங்கியதே, அதே வில்லிவாக்கம். அப்போது நான் டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருந்து ஃபோனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். என் சிறு வயதில் ரயிலெல்லாம் கிடையாது, அடிபம்புதான். விடிகாலை மூன்று மணிக்குக் குழாயில் முதலில் காற்று வரும், உஸ்ஸென்று. அந்தச் சத்தத்துக்கு அம்மா எப்படித்தான் விழித்துக்கொள்வாளோ தெரியாது. அலாரம் வைத்த வீடுகளைவிட நாங்கள் முன்னால் நிற்போம். "தண்ணி வருதுடா, எழுந்திரு" என்று ஒரு உலுக்கு. பச்சைக் குடம் எனக்கு, சிவப்பு அக்காவுக்கு. அம்மா அடிப்பாள், நாங்கள் தூக்கிக்கொண்டு போய் அண்டாவில் கொட்டுவோம்.

இங்கே நடுராத்திரியில் யாராவது டாய்லெட் போய்விட்டு வந்தால், அடுத்த பத்து நிமிஷம் சுவருக்கு அப்பாலிருந்து அதே உஸ்ஸ் கேட்டுக்கொண்டிருக்கும். அதைக் கேட்டபடியே தூங்கிப்போவேன். மனைவி கோயம்புத்தூர். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம் வெறும் இரைச்சல்.

சரி, திங்கட்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டேன். வந்து பார்ப்பதற்கு மட்டும் 149 டாலர், வரி 13 சதவீதம் தனி, சாமான் தனி. வந்து ஏழு வருஷமாகிவிட்டது, டாலரை ரூபாயாக்கிப் பார்க்கிற பழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டேன் என்று அந்தப் பொங்கல் சாப்பாட்டில்தான் பெருமையடித்திருந்தேன். ஃபோனை வைப்பதற்குள் மனது பெருக்கி முடித்துவிட்டது. ஒன்பதாயிரம் ரூபாய், எட்டிப் பார்க்க!

ஊரில் எங்கள் தெருவுக்கு ஒரு பிளம்பர் அண்ணன் இருந்தார். டிவிஎஸ் 50-யில் ஒரு ரெக்சின் பை, அதற்குள் ஒரு ரிஞ்சு, உடைந்த ஹாக்ஸா பிளேடு, ஜாயின்ட் ஒழுகாமல் சுற்ற ஒரு டெஃப்லான் டேப். வந்ததும் குழாயைத் தொடமாட்டார், டீ வரும் வரை அதைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். "வாஷர் போயிருச்சும்மா" என்பதுதான் எப்போதும் அவர் கண்டுபிடிப்பு. ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்றை இளக வைத்துவிட்டுப் போவார், அடுத்த மாதம் அதற்கும் அவரே வருவார். அவரிடம் கோபித்துக்கொள்ளலாம், கணக்கு வைக்கலாம். இங்கே யாரிடம் கோபித்துக்கொள்வது?

நானே திறந்தேன். பீங்கான் மூடியைத் தூக்கிப் படுக்கைவசமாகத் தரையில் துண்டு விரித்து வைத்தேன் (உடைத்தால் அதே அளவில் இன்னொரு மூடி லேசில் கிடைக்காது, அதைவிட முழு டாய்லெட் வாங்குவது சுலபம்). எங்கள் டவுன்ஹவுஸ் எண்பதுகளில் கட்டியது, டாய்லெட்டும் அந்தக் காலத்தது, உள்ளேயிருந்த வால்வை மட்டும் யாரோ பிற்பாடு மாற்றியிருக்கிறார்கள். நம் ஊரில் போலக் கம்பி நுனியில் பந்து மிதக்கிற சமாசாரம் இல்லை. நட்டுக்குத்தலாக ஒரு பிளாஸ்டிக் தண்டு, அதைச் சுற்றி ஒரு மிதவை, தண்ணீர் ஏற ஏற அதுவும் ஏறி உச்சியில் வழியை அடைக்கும்.

முதலில் கீழே சுவரோரம் இருக்கிற ஸ்டாப் வால்வைத்தான் சந்தேகப்பட்டேன். முழுக்கத் திறந்துதான் இருந்தது, இருந்தும் இன்னும் கொஞ்சம் திருகிப் பார்த்தேன். தண்ணீர் வேகம் கூடவில்லை, ஆனால் கைப்பிடிக்கு அடியில் சொட்ட ஆரம்பித்தது. பிளம்பர் அண்ணன் சிரித்திருப்பார். கைப்பிடிக்குக் கீழே இருக்கிற நட்டைக் கால் சுற்று இறுக்கினதும் சொட்டு நின்றது.

அப்புறம்தான் பக்கத்தில் தொங்குகிற ஹெல்த் ஃபாசெட்டைப் பார்த்தேன். செப்டம்பரில் நானே மாட்டியது. அது ஏன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆறரை வருஷம் சொம்பு வைத்து ஓட்டியாகிவிட்டது, சொந்த வீட்டிலாவது ஒழுங்காக இருப்போமே என்று டேங்குக்குப் போகிற குழாயின் நடுவில் ஒரு டி-ஜாயின்ட் போட்டு மாட்டினேன். மாட்டியது செப்டம்பர், வெயிலும் இருந்தது, சுகமாகவும் இருந்தது. ஜனவரியில்தான் தெரிந்தது. இந்த ஊர்த் தண்ணீர் ஒண்டாரியோ ஏரியிலிருந்து வருகிறது. ஏரியின் அடியிலிருந்து எடுக்கிற 4 டிகிரி தண்ணீரை வைத்து நகரத்து நடுவில் இருக்கிற பெரிய கட்டடங்களைக் கோடையில் குளிரவைக்கிறார்கள். அந்தக் குளிர்ச்சி எப்படிப்பட்டது என்பதை நான் காலை ஆறு மணிக்கு நேரடியாக அறிந்தவன்.

ஃபாசெட்டை அழுத்தினால் சீறியது. ஆக, டி-ஜாயின்ட் வரை தண்ணீர் ஒழுங்காகத்தான் வருகிறது. அடைப்பு அதற்கு மேலே, வால்வில்.

ஸ்டாப் வால்வை மூடி, ஒரு ஃப்ளஷ் செய்து டேங்கைக் காலி செய்து, வால்வின் உச்சியில் இருக்கிற தொப்பியை அழுத்திப் பிடித்துக் கொஞ்சமே கொஞ்சம் இடப்பக்கம் திருகினேன். கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு ரூபாய் அளவில் ரப்பர் ஒன்று. இப்போது திறந்திருக்கிற வாயில் ஒரு டம்ளரைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு தண்ணீரைத் திறந்து பத்து விநாடி ஓட விட வேண்டும், உள்ளே இருக்கிற குப்பை அடித்துக்கொண்டு வந்துவிடும். டம்ளர் ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பிடிக்காமல் திறந்தேன். 4 டிகிரித் தண்ணீர் கூரை வரை போய், திரும்பி என் தலையில் இறங்கியது. இரண்டாவது தடவை சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் டம்ளர்.

டேங்கின் அடியில் விழுந்து கிடந்ததைத் துழாவி எடுத்தேன். இரண்டு துரு மணிகள், ஒரு வெள்ளை நூல். நூலில்லை. டெஃப்லான் டேப்.

நான் சுற்றியதுதான். பிளம்பர் அண்ணன் எந்த ஜாயின்ட்டானாலும் எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுகிற மாதிரி பதினைந்து சுற்று சுற்றுவார், நானும் அதையே பார்த்து வளர்ந்தேன். இங்கே இந்த வளைகிற குழாய்களின் முனையில் ரப்பர் வாஷர் உள்ளேயே இருக்கிறது, டேப்பே வேண்டாம், கையால் இறுக்கினால் போதும். நான் சுற்றிய டேப்பின் ஓரம் பிய்ந்து தண்ணீரோடு போய் வால்வின் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறது. துரு, அந்தப் பழைய ஸ்டாப் வால்வை நான் திருகியதால் உதிர்ந்தது. 149 டாலர் கொடுத்து ஒருவரை வரவழைத்திருந்தால் அந்த நூலை எடுத்து என் முன்னால் பிடித்துக் காட்டியிருப்பார்.

தொப்பியை மாட்டித் திறந்தேன். ஒரு நிமிஷத்துக்குள் நிரம்பி, டக்கென்று நின்றது. மனைவி கைதட்டினாள். அன்று ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தது. உஸ்ஸும் இல்லை, ஒன்றும் இல்லை. ஹீட்டர் மட்டும் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் ஒரு தடவை ஃப்ளஷ் செய்து கேட்டுவிட்டு வந்து படுத்தேன், சொன்னால் வெட்கக்கேடு.

மறுநாள் அம்மாவிடம் வீடியோவில் மூடியைத் திறந்து காட்டினேன். ஒன்பதாயிரம் மிச்சம் என்று சொன்னது அவள் காதில் ஏறவேயில்லை.

"இவ்ளோ தெளிவா இருக்கே, இது எந்தத் தண்ணி?"

"சமையல்கட்டுல வர்ற அதே தண்ணிதான்மா. குடிக்கிறது."

"ஒரு தடவைக்கு எவ்ளோ போகும்?"

"பழைய டாய்லெட்மா. 13 லிட்டர். இப்ப வர்றதுல 6 லிட்டருக்குள்ளதான்."

அம்மா மனதுக்குள் அளந்தாள். லிட்டர் அவளுக்குப் பழக்கமில்லை. "ஒரு குடமா?" என்றாள். "ஒவ்வொரு தடவைக்குமா?"

நான் பதில் சொல்லவில்லை. அம்மா கொஞ்ச நேரம் திரையில் அந்த டேங்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏதாவது பாட்டில்ல தண்ணி ரொப்பி உள்ள போட்டு வைடா. அவ்ளோ தண்ணியாவது கம்மியாப் போகும்."

நல்லெண்ணெய்க் காலி பாட்டில் இரண்டு இருந்தன. ரொப்பி, மூடியை இறுக்கி உள்ளே இறக்கினேன். ஒன்று மிதவையில் போய் இடித்துக்கொண்டு தண்ணீர் நிற்காமல் ஓடியது, உஸ்ஸென்று. ஒரு நிமிஷம் அப்படியே விட்டிருந்துவிட்டு, பாட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்தேன்.