எது முதலில் போகும்? அணைக்கட்டு ஓட்டு வீட்டுக்குக் கூரை மாற்றிய அனுபவம்

நீரில்லா ஆறு, மரமில்லா மலை என்று வேலூரைக் கிண்டல் செய்வார்கள். அந்த ஆறு, எங்கள் பாலாறு, 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியது. அந்த மழையில்தான் எங்கள் வீட்டுக் கூரையும் கைவிட்டது.

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்கிற ஊர்ப் பக்கம் ஒரு கிராமம். தாத்தா கட்டிய வீடு. மண் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், பனங்கை, அதன்மேல் நாட்டு ஓடு. நைனா இருந்தவரை ஆடி கழிந்ததும் ஆள் வைத்து ஓட்டைப் பிரித்து அடுக்கிவிடுவார். அவருக்குப் பிறகு யாரும் மேலே ஏறவில்லை. கூடத்தில் எட்டு பாத்திரங்களை வைத்து அம்மா மழையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதே சமயத்தில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்த செய்தி வந்தது. இனித் தள்ளிப்போட முடியாது என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம்.

முடிவு செய்தோமே தவிர, என்ன போடுவது என்பதில் ஒரு வருடம் ஓடிவிட்டது. போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டேன்: எத்தனை வருஷம் தாங்கும்? ஷீட் கடையில் ஒரு கணக்கு, கான்கிரீட் மேஸ்திரியிடம் ஒரு கணக்கு, ஓட்டுக்காரரிடம் இன்னொரு கணக்கு. எல்லாரும் நம் ஆயுளைத் தாண்டித்தான் சொன்னார்கள். கடைசியில் ஊர் ஆசாரி தாத்தாதான் சலித்துப்போய், "எத்தினி வருஷம்னு கேட்டா எவனும் நெஜம் சொல்ல மாட்டான்பா. எது மொதல்ல போவும்னு கேளு" என்றார்.

அதற்கு அப்புறம் பேச்சே மாறிவிட்டது.

எங்களுக்கு முதல் ஆசை கான்கிரீட் தளம் போடுவதுதான். மெத்தை வீடு என்றால் ஊரில் ஒரு மரியாதை. பார்க்க வந்த இன்ஜினியர் சுவரில் ஒரு கம்பியால் குத்திப் பார்த்துவிட்டு, காகிதத்தில் கணக்குப் போட்டார். கூடம் 30 அடிக்கு 16 அடி. 5 அங்குலத் தளம் என்றாலே 14 டன் வரும். அதற்கு மேல் நீர் இறங்காமலிருக்கப் போடும் சுருக்கி, தட்டோடு என்று தனி எடை. மண் சாந்துச் சுவர் அதைத் தாங்காது, தூண் எழுப்ப வேண்டும் என்றார். அதாவது புது வீடு. எது முதலில் போகும் என்று கேட்டேன். உள்ளே இருக்கிற கம்பிதான் என்றார். மேலே நீர் தேங்கிக் கசிந்தால் கம்பி துருப்பிடித்து உப்பும், அடியில் காரை பெயர்ந்து விழும். எங்கள் சித்தப்பா வீட்டில் கண்ணால் பார்த்ததுதான். போதாததற்கு பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் கக்கும். தளம் வேண்டாம் என்று ஆயிற்று.

ஆஸ்பெஸ்டாஸ் மலிவு, அதையே போடு என்றார் அத்தை. நம் நாட்டில் தடை இல்லை, கடையில் கிடைக்கிறது. ஆனால் எந்த வகை ஆஸ்பெஸ்டாஸானாலும் புற்றுநோய் வரவழைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறுக்கும்போதும் உடையும்போதும் வரும் தூசுதான் ஆபத்து. மாட்டுக் கொட்டகையில் கிடந்த பழைய ஷீட்டுகளைக்கூட சம்மட்டியால் உடைக்க விடவில்லை. தண்ணீர் தெளித்து, முழுசாகவே இறக்கினோம்.

பூச்சு போட்ட இரும்பு ஷீட்டில்தான் ரொம்ப நாள் மனசு நின்றது. எடையே இல்லை, இரண்டு நாளில் வேலை முடியும், வேலூரில் கடல் உப்புக் காற்றும் கிடையாது. சத்துவாச்சாரிப் பக்கம் ஒரு கடையில் கனம் 0.50 மில்லிமீட்டர் என்று காட்டினார்கள். பெயின்ட், அலுமினிய துத்தநாகப் பூச்சு எல்லாம் சேர்த்துத்தான் அந்த 0.50, உள்ளே இருக்கும் இரும்பு அதைவிடக் குறைவு. பூச்சு எவ்வளவு என்று தனியாகக் கேட்டேன். சதுர மீட்டருக்கு 150 கிராம் என்றால் ஏஇசட் 150 என்று போட்டிருக்கும். கடைக்காரர் கொஞ்சம் தயங்கித்தான் உள்ளே போய் அப்படிப் போட்ட ஷீட்டை எடுத்து வந்தார். இதில் முதலில் போவது ஷீட் இல்லை, திருகாணிக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர். அதிகமாக முறுக்கினாலே நசுங்கிவிடும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். பல நூறு திருகாணிகளில் எதன் வழியாக ஒழுகுகிறது என்று கண்டுபிடிப்பது தனி வேலை. இதையெல்லாம் விடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு பக்கத்துத் தெரு ஷீட் வீட்டில் அம்மாவை உட்காரவைத்தேன். பத்து நிமிஷத்தில் எழுந்து திண்ணைக்கு வந்துவிட்டார்.

மிச்சம் இருந்தது மங்களூர் ஓடு. 1865ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவியது. பழைய சாமான் கடைகளில் அந்தக் காலத்து ஓடுகள் இன்னும் விலைபோகின்றன. ஓட்டில் முதலில் போவது கீழே இருக்கும் மரம், கறையானால். அப்படியென்றால் மரமே வேண்டாம், ஜிஐ பைப்பில், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயில், சட்டம் என்று தீர்மானித்தோம். செலவு ஷீட்டைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. தம்பி இரண்டு நாள் பேசவில்லை. யோசித்துக்கொண்டிருந்தபோதே 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து, மூடியிருந்த தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு போனது. காலையில் தம்பியே ஓட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்தான்.

வேலை மாசியில் தொடங்கியது. மங்களூர் ஓட்டுக்குச் சரிவு நன்றாக வேண்டும். எட்டடிக்கு நாலரை அடி ஏற்றம் வைத்தோம். பழைய சரிவு அவ்வளவு இல்லை, இரண்டு பக்கத்து முக்கோணச் சுவரையும் உயர்த்த வேண்டியிருந்தது. ஓட்டைத் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டால்தான் எடுத்தோம். வாங்கியது 1,100. வெல்டர் செய்த தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஓடு வந்து இறங்கும் முன்பே ஓடு உட்காரும் குறுக்குப் பைப்புகளை, ரீப்பர் என்பார்கள், 14 அங்குல இடைவெளியில் பற்றவைத்துவிட்டார். எங்கள் ஓட்டுக்குச் சரியான இடைவெளி 12½. ஒரு ஓடு இன்னொன்றின்மேல் போதிய அளவு ஏறவே இல்லை. அறுத்து, திரும்பப் பற்றவைக்க மூன்று நாள். கையில் ஒரு ஓட்டைக் கொடுத்துவிட்டுத்தான் வெல்டரை மேலே ஏற்ற வேண்டும்.

கூடத்து ஓட்டுக்கு அடியில் சீலிங் ஓடும் வைத்து இரட்டை அடுக்காக்கினோம். நடுவே காற்று நிற்பதால் சூடு கீழே இறங்குவது குறைகிறது. பின்பக்கத் தாழ்வாரத்துக்கும் கொட்டகைக்கும் மட்டும் ஷீட். அதை கட்டிங் மெஷினால் அறுத்தார்கள். தீப்பொறி பட்ட இடமெல்லாம் பூச்சு கருகி, ஒரே மாதத்தில் துருப்புள்ளிகள் வந்துவிட்டன. தகரக் கத்தரியால் வெட்டச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தபோது வேலை முடிந்திருந்தது.

அந்த ஐப்பசியில் ஒரே ஒரு இடத்தில் ஒழுகியது. ஓட்டிலும் இல்லை, ஷீட்டிலும் இல்லை. தாழ்வார ஷீட் கூடத்துச் சுவரைத் தொடும் இடத்தில், வெறும் சிமெண்ட் பூசி மூடியிருந்தார்கள். வெயிலில் ஷீட் விரிந்து சுருங்க, சிமெண்ட் விட்டுக்கொண்டது. சுவரில் நீளமாகப் பள்ளம் வெட்டி, தகரப் பட்டையை உள்ளே செருகி மடக்கிவிட்டோம். அதோடு நின்றது.

மலையடிவாரம் என்பதால் குரங்குத் தொல்லை உண்டு. பக்கத்து மாமரம் காய்க்கிற காலத்தில் கூரையில்தான் பந்தயம். உடைந்ததை வெளியே இழுத்துவிட்டுப் புது ஓட்டைச் செருக ஐந்து நிமிஷம் போதும், தம்பி மகனே ஏணி வைத்துச் செய்துவிடுகிறான். மிச்சமான ஓடுகள் 112, கிணற்றடியில் அடுக்கியிருக்கின்றன. அம்மா வாரம் ஒருமுறை எண்ணுகிறார். போன வாரம் போன் செய்தபோது, "நூத்தி நாலு கீதுடா கண்ணு" என்றார்.