ஆற விடுதல்

"டிக்."

அவ்வளவுதான் சத்தம். நேற்று ராத்திரி செய்த நீலக் கண்ணாடி மணி உள்ளங்கையில் இரண்டாகக் கிடக்கிறது.

முதன்முதலாக உருண்டையாக வந்த மணி அது. அதற்கு முன் செய்த ஆறும் கோணல்.

கண்ணாடிக் குச்சியைச் சட்டென்று சுடருக்குள் நீட்டினால் தெறித்துவிடும். ஓரத்தில் காட்டிக் காட்டித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். மஞ்சள் ஒளியை வடிகட்டும் டைடிமியம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டால், சூடான கண்ணாடியிலிருந்து எழும் சோடியத்தின் மஞ்சள் வெளிச்சம் அடங்கிவிடும். அப்போது தெரியும், குச்சி நுனியில் ஒரு துளி சிவந்து கனத்துத் தொங்குவது. அதைப் பூச்சு பூசிய எஃகுக் கம்பியில் தொட்டுச் சுற்ற வேண்டும். சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கணம் நின்றாலும் ஒரு பக்கமாகச் சரியும். என்ன அழகு அந்தச் சரிவுகூட!

உடைந்த பாதியைத் திருப்பிப் பார்த்தேன். துளையின் உள்சுவரில் சாம்பல் நிறப் பூச்சு இன்னும் ஒட்டியிருக்கிறது. முறிந்த முகம் மட்டும் தண்ணீர் மாதிரி பளபளப்பு.

வெளிப்பக்கம் முந்தி இறுகிவிட்டது, உள்ளே சூடு. அந்த இழுபறி மணிக்குள்ளேயே தங்கி, இன்று காலை வெளியே வந்திருக்கிறது. சூளையில் சுமார் 500 டிகிரி செல்சியஸில் வைத்திருந்து, மெல்ல மெல்ல இறக்கியிருக்க வேண்டும். நான் சூடு தாங்கும் இழைக் கம்பளத்தில் சுற்றி வைத்ததோடு விட்டுவிட்டேன்.

ஆறுவதும் ஆறுதலும் ஒரே சொல்லிலிருந்து வந்தவை. இத்தனை நாள் இதை நான் யோசித்ததே இல்லை.

இப்போது சூளையில் மூன்று மணிகள். நாளை காலைவரை திறக்கப்போவதில்லை.