பாதி ஆள் என்று ஒருவர் இல்லை

கன்சல்டிங் டீமில் மனஸ்தாபம் முற்றிய பிறகு டீம் லஞ்ச் ஏற்பாடு செய்வார்கள். விரிசல் விழுந்த இடம் என்னவோ ஆள் ஒதுக்கும் எக்செல் ஷீட்.

ஒரு டெவலப்பரை இரண்டு ப்ராஜெக்டில் தலா 50 சதவீதம் போடுகிறார்கள். வாரத்துக்கு 40 மணி நேரம், ஆளுக்குப் பாதி; பார்க்கக் கச்சிதமாகத்தான் இருக்கும். ஆனால் தினம் 15 நிமிட ஸ்டாண்ட்அப் (நின்றபடியே நிலவரம் சொல்லும் மீட்டிங்), வாரம் ஒரு மணி கிளையன்ட் கால், ஒன்றரை மணி பிளானிங், அதற்கு மேல் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட், மெயில் என்று ஒரு ப்ராஜெக்டுக்கு வாரம் 5 மணி நேரம் போய்விடும். ஆள் பாதி என்பதற்காக மீட்டிங் பாதியாகாது. ஒரே ப்ராஜெக்ட் என்றால் வேலைக்கு 35 மணி நேரம் மிஞ்சும்; இரண்டு என்றால் 30, மூன்று என்றால் 25. ஒரு ப்ராஜெக்டின் கோடிங்கை விட்டு இன்னொன்றுக்குள் மனம் நுழைய ஆகும் நேரத்தை இதில் சேர்க்கவே இல்லை.

வேறு வழியில்லாமல் பிரித்துத்தான் ஆக வேண்டுமென்றால், மணிக்கணக்கில் பிரிக்காமல் கிழமைக்கணக்கில் பிரியுங்கள்: புதன் மதியம் வரை ஒன்று, அதன் பிறகு மற்றது. இரண்டு ரிலீஸும் ஒரே வாரத்தில் வந்தால் எது முந்தும் என்பதை இரு மேனேஜர்களும் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும். அந்தப் பஞ்சாயத்தை டெவலப்பர் தலையில் கட்டுவது அநியாயம்.

தாமதமான ப்ராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று கணினி விஞ்ஞானி ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார். 5 பேர் டீமில் இருவருக்கு இருவர் என்று எண்ணினால் பேச்சுத் தொடர்புகள் 10. 8 பேரானால் 28. புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பவரும் ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருப்பவர்தான்.

டைம்ஷீட் விஷயம் இதைவிட மோசம். பட்ஜெட் தாண்டக் கூடாது என்று 50 மணி நேரம் உழைத்துவிட்டு 40 என்று பதிவார்கள். நால்வர் அப்படிச் செய்தால் வாரம் 40 மணி நேரம், அதாவது ஒரு முழு ஆள், கணக்கிலேயே இல்லை. அடுத்த எஸ்டிமேட் அந்தப் பொய் எண்ணிலிருந்துதான் பிறக்கும். அடுத்த டீமும் ஓர் ஆள் குறைவாகவே தொடங்கும். உழைத்த நேரம், பில் போடும் நேரம் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். வித்தியாசத்தைத் தள்ளுபடியாகக் கம்பெனி எழுதிக்கொள்ளட்டும். முதல் மாதம் லாப மார்ஜின் சரிந்தது போலத் தெரியும். அது முன்பே சரிந்து கிடந்ததுதான்.